மண்ணெண்ணெயில் ஓடிய மைனரை மறுபடி பெற்றோலுக்குத் திருப்பியது

வீட்டோடு இறக்கிய பத்தியில் ஒன்பது வருடமாக நின்ற எங்கள் மொரிஸ் மைனர் காரின் பொனற்றை 2021 தைப்பொங்கலுக்கு மறுநாள் திறந்தேன். பெற்றோல் பம்முக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பித்தளைத் திருகு பைப் இருந்தது. இரண்டு செப்புக் குழாய்கள் அதற்குள் வந்து சேர்ந்து ஒன்றாகி, எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேற்றருக்குப் போயின. ஒன்று பம்மிலிருந்து வருவது. மற்றதின் நுனி ஒரு கம்பிக் கொக்கிக்குக் கீழே வாய் திறந்தபடி நின்றது. சின்ன வயதில் அந்தக் கொக்கியில் சேலைன் போத்தல் தொங்கியதைக் கண்டிருக்கிறேன். போத்தலுக்குள் பெற்றோல். பின்னால் இருந்த பெரிய தாங்கிக்குள் மண்ணெண்ணெய். திருகைத் திருப்பினால் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறும்.

1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது. பெற்றோல் போத்தல் கணக்கில், ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாத விலையில் விற்றது. அப்போது ஓடிய கார்களில் பெரும்பாலானவை ஒஸ்ரின் ஏ-40, கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர் என்று ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வந்து இறங்கியவைதான். கலவையை அதிகம் அமுக்காத, அதாவது அழுத்த விகிதம் குறைந்த எஞ்சின், கையால் கழற்றிப் பூட்டக்கூடிய காபரேற்றர். அதனால் மண்ணெண்ணெயையும் பொறுத்துக்கொண்டன.

எங்களுடையது 1960 மொடல், 948 சிசி. அப்பா 1978இல் இரண்டாம் கையாக வாங்கினார். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சிக்கு வந்த கார் இது. முதல் மாதிரி ஒடுங்கலாகத் தெரிந்ததால் அவர் அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து நான்கு அங்குலம் அகட்டினார். பொனற்றின் நடுவில் ஓடும் அகலமான மேடு அதனால் வந்தது. முன்னால் நின்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அறுவைதான் ஞாபகம் வரும்.

அப்பாவுக்கு இப்போது பார்வை குறைவு. 2012இல் அவர் ஓட்டுவதை நிறுத்தியதோடு காரும் நின்றுவிட்டது. பித்தளைத் திருகைக் கழற்ற ஸ்பானரை எடுத்தபோது, கதிரையில் இருந்தபடி சத்தத்தை வைத்தே சொன்னார்: “தம்பி, உதைக் கழட்டாதை. ஏன் போட்டதெண்டு முதல் விளங்கிக்கொள்.”

அன்றிலிருந்து வேலையை அப்படித்தான் செய்தேன். இந்தக் காரில் புத்தகத்தில் இல்லாத வேலை நிறைய இருந்தது. ஒவ்வொன்றையும் யார், எப்போது, எதற்காகச் செய்தார்கள் என்று கேட்ட பிறகே கைவைத்தேன். அதற்கு அப்பாவின் கொப்பி பெரிய துணை. இரசாயனம் படிப்பித்தவர், பழக்கதோஷம், எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். திகதி, மைல், மண்ணெண்ணெய் எத்தனை போத்தல், பெற்றோல் எத்தனை மூடி என்று கோடு போட்ட பக்கங்கள்.

முதலில் எஞ்சின். வருடக்கணக்கில் நின்ற எஞ்சினைப் பற்றரி கொடுத்து உடனே சுழற்றக் கூடாது. பிஸ்ரன் றிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவில் ஒட்டியிருந்தால் ஒரே இழுவையில் உடையும். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளைக்குள்ளும் எஞ்சின் ஒயிலும் மண்ணெண்ணெயும் சரிபாதி கலந்து இரண்டு மேசைக்கரண்டி விட்டேன். ஐந்து நாள் அப்படியே விட்டு, மைனருக்கு உரிய முன்பக்கக் கைப்பிடியைச் செருகி மெல்ல அழுத்தினேன். ஆறாம் நாள் கால் சுற்று வந்தது. அடுத்த நாள் முழுச் சுற்று. அதற்கு மேல் பலம் போடவே வேண்டியிருக்கவில்லை.

அமுக்கமானி பூட்டிப் பார்த்தபோது மூன்றாவது சிலிண்டரில் சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல், மற்றவற்றில் 90 சொச்சம். மூன்றாவதில் வால்வு பழுது என்று விளங்கியது. ஆனால் மற்ற மூன்றும் ஏன் ஒரே அளவாய்க் குறைந்து நிற்கின்றன? தேய்வு என்றால் கூடிக் குறைந்து இருக்க வேண்டும். எஞ்சின் தலையைத் தூக்கியபோது பதில் கிடைத்தது. தலைக்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவில் கசிவை அடைக்கும் தகடான கஸ்கெற், ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு.

“அது மாமா போட்டது, 91இலை,” என்றார் அப்பா. “மண்ணெண்ணெய் நேரத்துக்கு முந்தி வெடிக்கும். எஞ்சின் கிடந்து உடைபடும். இடத்தைக் கூட்டினால் அமுக்கம் குறையும், வெடியும் குறையும்.”

முழுக்கச் சரியான வேலை. தானாக வெடிக்காமல் தாங்கும் அளவான ஒக்ரேன் மண்ணெண்ணெய்க்கு மிகக் குறைவு. பிளக் பொறி விட்ட பிறகு, தீ போய்ச் சேருவதற்கு முன்பே, அமுக்கத்தின் சூட்டில் கலவையின் மிச்சப் பகுதி தானாக வெடிக்கும். தொழிற்சாலை செய்து கொடுக்காத ஒன்றை ஒரு மேலதிகக் கஸ்கெற்றால் மாமா செய்திருக்கிறார். பெற்றோல் மறுபடி கிடைக்கத் தொடங்கிய பிறகும் அதை யாரும் கழற்றவில்லை, அவ்வளவுதான். பலாலி வீதியில் சைக்கிள்காரரும் முந்திப் போன காரணம் முப்பது வருடம் கழித்துத் தெரிந்தது.

தலையின் அடியில் தார் போலக் கரி. பிஸ்ரனுக்கு மேல் ஒரு நாணயத் தடிப்புக்கு இருந்தது. மரச் சுரண்டியும் பித்தளைத் தூரிகையும் மட்டும் பாவித்தேன். இரும்பால் சுரண்டினால் தட்டையான முகத்தில் கீறல் விழும், அந்த வழியாகத் தண்ணீர் வரும். மூன்றாவதின் புகைவால்வு விளிம்பில் குழி விழுந்திருந்தது. எட்டு வால்வுகளையும் பசை போட்டுக் கையால் அரைத்தேன். விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரே சீரான வளையம் வரும்வரை அரைக்க வேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. அந்த வேலை எனக்கு நன்றாகப் பிடித்தது.

பூட்டும்போதுதான் பிழைவிட்டேன். ஒரே கஸ்கெற்றைப் போட்டு, நட்டுகளை நடுவிலிருந்து வெளியே என்ற ஒழுங்கில் மூன்று சுற்றாக 40 அடி-இறாத்தலுக்கு முடுக்கினேன். கைப்பிடியைச் சுற்றினால் ஒரு தடையும் இல்லை, வெறும் பாத்திரம் போலச் சுற்றுகிறது. அமுக்கம் பூச்சியம். அரை நாள் யோசித்தேன். இரண்டு கஸ்கெற் இருந்தபோது தலை உயர்ந்திருந்தது, அதற்கேற்ப வால்வுகளை அமுக்கும் றொக்கர்களின் திருகுகளைக் கீழே இறக்கி வைத்திருந்தார்கள். இப்போது தலை தாழ்ந்துவிட்டது. திருகுகள் பழைய இடத்திலேயே நின்று எட்டு வால்வுகளையும் அமுக்கித் திறந்து வைத்திருக்கின்றன. தலையை முடுக்குவதற்கு முன்பே எல்லாவற்றையும் தளர்த்தி விட்டிருக்க வேண்டும். நல்லகாலம், தள்ளுகம்பி எதுவும் வளையவில்லை.

வால்வு இடைவெளி வைப்பதற்கு இந்த எஞ்சினில் ஒரு சுலப கணக்கு உண்டு. கூட்டினால் ஒன்பது வர வேண்டும். எட்டாவது வால்வு முழுக்க அமுங்கி நிற்கும்போது முதலாவதைச் சரிசெய்ய வேண்டும், ஏழாவது அமுங்கும்போது இரண்டாவதை. இப்படியே எட்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.012 அங்குலம். தகடு இழுபட்டுக்கொண்டு போக வேண்டும், இறுகவும் கூடாது.

அடுத்தது பொறி நேரம். கொப்பியில் 1991 ஆவணிப் பக்கத்தில் “டிஸ்ரிபியூற்றர் பின்னுக்கு, ஒரு விரல்” என்று இருந்தது. வெடியைக் குறைக்கப் பொறியைத் தாமதிக்க வைத்தது. பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூற்றரின் கழுத்தில் அந்த இடம் ஆணியால் கீறியும் இருந்தது. முன் சுழலியில் உள்ள வெட்டையும் அதன் பின்னாலிருக்கும் மூடியின் முட்களையும் பொருத்தி, அதற்குள் மின்சாரத்தைத் துண்டித்துப் பொறி விட வைக்கும் பொயின்ற்றின் இடைவெளியை 0.015 அங்குலத்தில் வைத்து, சின்ன பல்ப் ஒன்றைக் கொளுவி, பொயின்ற் விலகும் கணத்தைப் பிடித்தேன். எரிபற்றும் ஒழுங்கு 1-3-4-2. வயர்களை மாற்றிக் கொளுவாமல் இருக்க ஒவ்வொன்றிலும் நூல் கட்டி முடிச்சு எண்ணிக்கை வைத்தேன்.

பற்றரி கொளுவும் விடயத்தில் மைனர்காரர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இந்தக் காரில் நேர்முனைதான் உடம்போடு சேரும். இப்போதைய பழக்கத்தில் மாற்றிக் கொளுவினால் டைனமோ குழம்பும். பிற்காலத்தில் போட்ட ரேடியோ இருந்தால் அதுவும் எரியும். எதிர்முனைக்கு மாற்றுபவர்கள் உண்டு. நான் பழையபடியே விட்டேன், மூடியில் சிவப்புப் பெயின்ற்றால் எழுதியும் வைத்தேன்.

காபரேற்றர் எஸ்யூ வகை. அடியில் இருக்கும் நட்டைத் திருப்பினால் எரிபொருள் வரும் ஜெற் ஏறி இறங்கும். மண்ணெண்ணெய்க்கென்று அதை நன்றாக இறக்கி விட்டிருந்தார்கள். ஜெற்றை மேலே பாலத்தோடு சமமாகக் கொண்டுவந்து, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று இறக்கித் தொடங்கினேன். எஞ்சின் சூடான பிறகு, காபரேற்றருக்குள் இருக்கும் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக மெல்ல உயர்த்திப் பார்க்க வேண்டும். வேகம் கூடி அப்படியே இருந்தால் பெற்றோல் கூட. எஞ்சின் படுத்தால் பெற்றோல் குறைவு. ஒரு கணம் சற்றே கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. கருவி எதுவும் வேண்டாம், காது போதும். இந்த இடத்தில் அப்பாவை எழுப்பிக்கொண்டு வந்து பக்கத்தில் இருத்தினேன். நான் திருப்பினேன், அவர் கேட்டார். மூன்றாம் தடவை “விடு, அதுதான்” என்றார். 2021 கார்த்திகை 14, பின்னேரம்.

அந்த மண்ணெண்ணெய் நாட்களின் ஒழுங்கையும் அவர் அன்றுதான் முழுக்கச் சொன்னார். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே போத்தல் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, றேடியேற்றர் நன்றாகச் சுட்ட பிறகு திருகைத் திருப்ப வேண்டும். சூடு குறையாமல் இருக்க முன்னால் மட்டை ஒன்றைச் செருகுவார்களாம். நிறுத்துவதற்கு அரை மைல் முன்னால் மறுபடி பெற்றோலுக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் காபரேற்றர் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் நிற்கும், அடுத்த நாள் காலை ஸ்ரார்ட் வராது. எரியாத மண்ணெண்ணெய் றிங்குகளைத் தாண்டி ஒயிலுக்குள் இறங்கும். குச்சியில் ஒயில் மட்டம் குறைவதற்குப் பதிலாகக் கூடினால் ஒயில் நீர்த்துவிட்டது என்று அர்த்தம். கொப்பியில் ஒவ்வொரு 400 மைலுக்கும் “ஒயில் மாற்றம்” என்று இருப்பது அதனால்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது இந்தக் கார் அம்மம்மாவையும் இரண்டு அயல்வீட்டுக் கிழவிகளையும் ஏற்றிக்கொண்டு வந்தது. எனக்கு ஒன்பது வயது. மழையில், சனத்துக்குள், நாவற்குழிப் பாலத்தடியில் அடி அடியாக ஊர்ந்தது. றேடியேற்றர் கொதித்தபோது வெள்ளத்திலிருந்து பேணியால் தண்ணீர் அள்ளி ஊற்றியது எனக்கு ஞாபகம். கொப்பியில் அந்தத் திகதிக்கு மைல் மட்டும்தான் எழுதியிருக்கிறது: 11.

எஞ்சின் ஓடத் தொடங்கிய சில மாதத்தில் 2022 நெருக்கடி வந்தது. பெற்றோல் வரிசை நாட்கணக்கில் நீண்டது. பிறகு கியூஆர் அட்டை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். ஒழுங்கைக்குள் இருந்தவர்கள், திருகு இருக்கிறதுதானே, மறுபடி மண்ணெண்ணெய் விடு என்றார்கள். அந்த நேரம் மண்ணெண்ணெய்க்கும் வரிசைதான். காரை மரக்குற்றிகளில் ஏற்றிவிட்டு பிரேக் வேலையைத் தொடங்கினேன்.

மைனரின் பிரேக் மாஸ்ரர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே, சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் நீள போல்ற்றுகளை வெளியே இழுக்க விடாமல் முன் சில்லுக்கு ஸ்பிறிங்காக வேலை செய்யும் முறுக்குக்கம்பி குறுக்கே நிற்கும். முறையாகச் செய்வதென்றால் அந்தக் கம்பியின் சுமையை இறக்கி விலக்க வேண்டும். ஒரு கிழமை வேலை. மீளப் பூட்டும்போது போல்ற்றுகளை மற்றப் பக்கத்திலிருந்து செருகினேன். அடுத்த முறை கழற்றுபவருக்குக் கம்பியைத் தொட வேண்டிய தேவை இருக்காது.

உள்ளே றப்பர்கள் ஊதி, நசிந்த பழம் போல இருந்தன. யுத்த காலத்தில் பிரேக் ஒயில் இல்லாமல் எதையோ ஊற்றியிருப்பார்கள் என்று நினைத்தேன். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“நான் ஊத்தினது ஆமணக்கெண்ணெயும் ஸ்பிரிற்றும். றப்பருக்கு ஒண்டும் செய்யாது. கொப்பியைப் பார்.”

பார்த்தேன். 1992 மாசி, கலந்த அளவோடு இருந்தது. அவர் சொன்னது சரி. பிரேக் ஒயில்களின் ஆரம்ப காலத்தில் ஆமணக்கெண்ணெயும் மதுசாரமும் கலந்ததைத்தான் கார்களில் ஊற்றினார்கள். இயற்கை றப்பரை ஊத வைப்பது பெற்றோலிய எண்ணெய். அதை ஊற்றியது யுத்தம் முடிந்து பாதை திறந்து, எல்லாப் பொருளும் கடைகளில் கிடைத்த பிறகு, 2010இல் ஒரு கராச்சில். பற்றுச்சீட்டு கொப்பிக்குள்ளேயே இருந்தது. பொருள் இல்லாத காலத்தில் யோசித்துச் செய்தார்கள். பொருள் வந்த பிறகு யோசிக்காமல் ஊற்றியிருக்கிறார்கள். எனக்கு இது இன்னும் மனதில் நிற்கிறது. அப்பாவும் நாங்களும் இரண்டு வருடம் அந்தப் பிரேக்கோடு ஓடியிருக்கிறோம்.

முன் சில்லுகளுக்கு இரண்டிரண்டு, பின்னுக்கு ஒவ்வொன்று, மொத்தம் ஆறு வீல் சிலிண்டர்கள். உட்சுவரில் துருக்குழி. கடைச்சல் பட்டறையில் கொடுத்துப் பித்தளை உறை அடித்து, பழைய விட்டத்துக்கே கடைந்து எடுத்தேன். இறக்குமதி நின்றிருந்த நேரம், புதியது தேடுவதைவிட இது நல்ல வழி. குழாய்கள் முழுக்கப் புதிய செப்பு. எல்லா றப்பரும் புதியது. டொட் 4 தரப் பிரேக் ஒயில். இது பெயின்ற்றில் பட்டால் உரித்துவிடும், பக்கத்தில் ஈரச் சீலை வைத்திருங்கள். சரிசெய்யும்போது ட்றம்மின் துளைக்குள்ளால் ஸ்குறூ ட்றைவரை விட்டுச் சில்லு இறுகும்வரை திருப்பி, ஒரு சொடுக்கு பின்னுக்கு எடுக்க வேண்டும். முன் சில்லில் இரண்டு திருகு இருப்பதை மறந்து ஒன்றை மட்டும் திருப்பினால் மிதி பஞ்சு மாதிரி இருக்கும்.

மைனர் வைத்திருப்பவர் வேறு எதை விட்டாலும் ட்றுன்னியனை விடக் கூடாது. முன் சில்லைத் தாங்கும் தண்டு மேலும் கீழும் புரிபோட்ட இரண்டு கட்டைகளுக்குள் திரும்புகிறது. ஸ்ரேறிங் திருப்பும்போது திரும்புவது அந்தப் புரிதான். கிறீஸ் இல்லாவிட்டால் புரி தேய்ந்து ஒரு நாள் கழன்று, சில்லு உள்ளுக்குள் மடிந்து கார் மூக்குக் குத்தி விழும். பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும்போதுதான் நடக்கும் என்பார்கள். அதை நம்பி இருக்க முடியாது. எங்களுடையதில் இடப்பக்கக் கீழ்க்கட்டை கையாலேயே ஆடியது. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடி இரண்டு எடுப்பித்தேன். வந்தது இரண்டும் ஒரே பக்கத்துக்குரியது. இடம் வலம் புரி எதிரெதிராக ஓடும் என்பதைச் சொல்லி அனுப்பாதது என் பிழை. மறுபடி ஒரு மாதம் காத்திருந்தேன்.

தகர வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மட்காட்டுகள் போல்ற்றில் நிற்பவை, கழற்றுவது சுலபம். ஆனால் தனிச் சட்டம் இல்லாத கார், அடித்தகரம்தான் எலும்பு. கதவுக்குக் கீழேயுள்ள பெட்டியும் பின் வில்லின் முன் முனை கொளுவும் இடமும் உக்கிப்போனால் மேலே எவ்வளவு மினுக்கினாலும் பயனில்லை. ஸ்குறூ ட்றைவரால் குத்திக் குத்திப் பார்த்தேன். எங்கள் உப்புக்காற்றுக்கு இவ்வளவு மிஞ்சியதே பெரிது. இடப்பக்கப் பெட்டியில் ஒரு ஒட்டு, எண்ணெய்ப் பரல் தகரம், உள்பக்கம் பாதி எழுத்து தெரிந்தது. மின்சாரம் இல்லாத காலத்தில் காபைட் வாயுவில் ஒட்டியது. தட்டினால் மணி போலச் சத்தம். அதை விட்டுவிட்டேன். பூட் மூடியில் ஷெல் சிதறல் பட்ட மூன்று துளைகளை ஈயத்தால் அடைத்திருந்தார்கள், அதையும் தொடவில்லை. வலப்பக்கம் முழுக்கப் புதிது போட்டேன். தகடுகள் இலங்கையிலேயே செய்தவை. தெற்கில் மைனருக்குத் தகரம் அடிக்கும் கைகள் இன்னும் இருக்கின்றன. இங்கிலாந்தின் பாத் நகரில் சார்ள்ஸ் வெயர் நடத்திய மைனர் நிலையத்துக்கே ஒரு காலத்தில் இங்கிருந்து தகரம் செய்து அனுப்பினார்கள்.

பெயின்ற் பழைய சாம்பல் நிறம்தான். வெளியில் கொடுத்து அடித்தேன்.

2023 ஆவணியில் முதல் ஓட்டம். ஒழுங்கையால் இறங்கி, கொக்குவில் சந்தி, அங்கிருந்து நல்லூர். அப்பா பக்கத்தில். மூன்றாம் கியரில் கார் இழுத்த இழுப்பில் அவர் டாஷ்போட்டைப் பிடித்துக்கொண்டார். “இவ்வளவு ஓடுமோ இது?” ஒரே கஸ்கெற்றோடு அவர் அதை ஓட்டி முப்பத்திரண்டு வருடம். கோயில் வீதியில் பிரேக்கை நான்கு தடவை அமுக்கிப் பார்த்தேன், நேராக நின்றது.

வீட்டுக்கு வந்து கொப்பியைக் கேட்டார். கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, 2012இன் கடைசி வரிக்குக் கீழே திகதியும் மைலும் எழுதினார். பெற்றோல் 5 லீற்றர். மண்ணெண்ணெய்க்கான இடத்தில் ஒரு கோடு.

பித்தளைத் திருகு இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. உள்ளே புதிய வோஷர் போட்டு, திறந்திருந்த குழாய்க்கு மூடி அடித்து, பம் பக்கமாகத் திருப்பிக் கம்பியால் கட்டியிருக்கிறேன். மீதி வேலை ஒயில் கசிவு. இந்த எஞ்சினின் பின்முனையில் சீல் கிடையாது, புரி வெட்டி ஒயிலைத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு மட்டும்தான், ஆகவே ஓரளவு சொட்டத்தான் செய்யும். ஆனால் ஒரு இரவில் தேநீர்த் தட்டு நிறைவது அதிகம். மாரி முடிந்ததும் கியர்ப் பெட்டியை இறக்கிப் பார்க்கப் போகிறேன்.